துரையின் திமில்

வாரியத்து ஆளுங்க என் மாட்டுக் கொட்டாயத் தேடி வந்ததுக்கு நான் கெட்டிக்கார விவசாயிங்கறது காரணம் இல்ல. கொட்டாய்க்குப் பின்னாடி ராஜகிரி மலை தெரியும், அதான் காரணம். இங்க ஒரு காளைய நிறுத்திப் படம் புடிச்சா மாடும் மலையும் கோட்டையும் ஒண்ணா விழும்னு ஜீப்புல வந்த படக்காரரு வெரலால சதுரம் கட்டிக் காட்டினாரு. வாரியத் தலைவரு இராமச்சந்திரன் அந்தச் சதுரத்துக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "இவரே தகுதியான பயனாளி"ன்னாரு. நான் அப்ப சாணி அள்ளிக்கிட்டு இருந்தேன். என் பேரையே அதுக்கு அப்புறந்தான் கேட்டாங்க. தோமினிக்குன்னு சொன்னேன்.

இது சைனா சண்டை முடிஞ்ச மறு வருஷம். செஞ்சிக் கடைத்தெருவுல ஒரு மாடி வீட்ட வாடகைக்குப் புடிச்சு, 'சீமைக் காளைப் பேணல் வாரியம்'னு பலகை மாட்டியிருந்தாங்க. பலகை வந்து ரொம்ப நாள் கழிச்சுதான் காளை வந்துச்சு. அதுவரைக்கும் உள்ள இருந்தவங்க இன்னாத்தப் பேணிக்கிட்டு இருந்தாங்கன்னு என்னக் கேக்காதீங்க. நாற்காலி ஒண்ணு கூட காலியா இருந்து நான் பாத்ததில்ல.

காளைக்கு ஊரு இங்கிலாந்துல குளோஸ்டராம். அந்தச் சாதி மாட்டுக்கும் அதே பேருதான். ஒரு காலத்துல ஏருக்கு, வண்டிக்கு, பாலுக்குன்னு எல்லாத்துக்கும் ஆன மாடாம். இப்ப அவங்க ஊருலயே அத்துப் போற நெலமைக்கு வந்துட்டுதாம். அத்துப் போற மாட்ட எதுக்கு இந்த வெயிலுக்குக் கொண்ணாந்தாங்கன்னு வரவேற்புக் கூட்டத்துல நான் கேட்டேன். இராமச்சந்திரன் மேடையிலருந்தே பதில் சொன்னாரு.

"இங்கிலாந்திலே இந்த இனம் அழிந்துவிட்டால், உலகமே செஞ்சியைத் தேடி வந்தாக வேண்டும். ஆகவே அது அங்கே அழிவதில் நமது வாரியத்துக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை."

எல்லாரும் கை தட்டினாங்க. காளை மட்டும் அசை போட்டுக்கிட்டு நின்னுச்சு.

பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொன்னா நாக்கு அழுகிடும். கருஞ்செவப்பு ஒடம்பு. முதுகு நடுவுல வகிடு எடுத்தாப்புல ஒரு வெள்ளைக் கோடு, அது நேரா வாலுக்கு எறங்கி அடிவயித்து வரைக்கும் போவும். சாதுவான சீவன். ஊருல எல்லாரும் அத 'துரை'ன்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க. எனக்கு இன்னிக்கு வரைக்கும் அதும்மேல கோவம் கெடையாது. அது இன்னா பண்ணும் பாவம், அதும் யாரோ சொல்லி வந்ததுதான்.

துரை கொட்டாய்க்குள்ள போச்சு, என் ரெண்டு மாடும் வெளிய வந்துச்சு. செவலையும் மயிலையும் எனக்கு ஏர் மாடுங்க. சீமைக் காளை மேல நாட்டு மாட்டு மூச்சுக் காத்து படக் கூடாதுன்னு வாரியத்து உத்தரவு. "நான் மூச்சு விடலாமா சார்?"னு கேட்டேன். மேற்பார்வையாளர் தனகோட்டி கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "நீ பயனாளி. விடலாம்"னாரு.

மாடுங்களப் புளியமரத்தடியில கட்டினேன். என் சம்சாரம் பாக்கியம் அன்னிக்கே சொன்னா. "இந்தாய்யா, ஆடி மழைக்கு ஏரு கட்டணும். அந்த மானாவாரிக் கொல்லைல மல்லாட்ட போட்டாதான் நமக்கு வருஷத்துக்கும் சோறு. இந்தக் கூத்தெல்லாம் அதுக்குள்ள முடிஞ்சுடுமா?"

மல்லாட்டன்னா எங்க பக்கத்துல வேர்க்கடலை. "வைகாசிதானே இப்ப," ன்னேன் நான்.

தனகோட்டிய நீங்க பாத்திருக்கணும். தையக்காரரு மாதிரி கழுத்துல எந்நேரமும் அளவு நாடா தொங்கும். கெட்ட மனுஷன் இல்ல. அளக்காம எதையும் நம்ப மாட்டாரு, அளந்துட்டா எதை வேணும்னாலும் நம்புவாரு. காளைய அளக்கறதுக்கு வாரியத்துல ஒரு முறை வச்சிருந்தாங்க. மொதல்ல திமிலு, அப்புறம் நெஞ்சு, அப்புறம் வாலு. நம்ம பக்கத்துக் காளைங்கள அளந்து அளந்து பழகின முறை அது. ஒரு நாள் காலையில வந்து துரை கழுத்துக்குப் பின்னாடி நாடாவ வச்சாரு. நாடா வழுக்கிக் கீழ விழுந்துச்சு. இன்னொரு வாட்டி வச்சாரு. அப்புறம் கையால தடவினாரு.

"யோவ் தோமினிக்கு, திமிலு எங்கய்யா?"

"அதுக்குத் திமிலு இல்லீங்க சார்."

"இல்லன்னா? எப்பலருந்து இல்ல?"

"வரும்போதே இல்லீங்க."

"வரும்போதே இல்லாததையா நாங்க கையெழுத்துப் போட்டு வாங்கியிருப்போம்? எங்க முறையில மொத அளவே திமிலு. அது இல்லாம நான் நெஞ்சுக்குப் போவ முடியாது, நெஞ்சுக்குப் போவாம வாலுக்குப் போவ முடியாது."

"சீமை மாட்டுக்கெல்லாம் திமிலு கெடையாதாம் சார். லாரில கூட வந்த ஆளு சொன்னாரு."

"அந்த ஆளு வாரியத்து ஆளா?"

"இல்லீங்க, லாரி டிரைவரு."

"அப்ப விடு."

அவரு கண்ணு மெதுவாப் புளியமரத்துப் பக்கம் போச்சு. மயிலைக்குத் திமிலு பெரிசு. ரோட்டுல போற வண்டிக்காரனுங்க நின்னு பாத்துட்டுப் போவானுங்க. அந்தத் திமிலுக்கு முன்னாடி நுகத்தடி ஒக்காந்துச்சுன்னா அப்படி இப்படி அசையாது. தனகோட்டி போய் நாடாவ வச்சாரு. நாடா பத்தல.

"இப்பப் புரியுது," ன்னாரு.

அவருக்குப் புரிஞ்சது இதான். துரைக்குன்னு வாரியம் புண்ணாக்கு ஒதுக்கியிருக்குது. துரைக்குத் திமிலக் காணோம். பக்கத்துல நிக்கற நாட்டு மாட்டுக்கு அளவுக்கு மீறின திமிலு. ஆக, வாரியத்துப் புண்ணாக்குதான் மயிலை முதுகுல திமிலா நிக்குது. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அந்தப் புண்ணாக்கு இன்னும் செஞ்சிக்கே வந்து சேரல சார், துரை இத்தினி நாளா தின்னது என் மல்லாட்டக் கொடிய சார்னு சொன்னேன். "வந்து சேரலங்கறதுக்கு எங்க கிட்ட எந்தத் தகவலும் வரல"ன்னாரு. மத்தியானமே ஆளுங்க வந்து ரெண்டு மாட்டையும் ஓட்டிக்கிட்டுப் போயி, வாரியத்து மாடி வீட்டுக்குப் பின்னாடி கட்டிட்டாங்க. மயிலைய மட்டும் புடிச்சா செவலை கத்தும்னு நான்தான் சொன்னேன். அதுக்காக ரெண்டையும் ஓட்டிக்கிட்டுப் போனாங்க. வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

பாக்கியம் வனத்து அந்தோணியாருக்கு நேந்துக்கிட்டா. எனக்கு வந்த கோவத்துல அந்தோணியாரக் கூட நம்பத் தோணல.

ஆனி மாசம் விசாரணை. வாரியத்து மாடியில நீள மேசை போட்டு, அதுக்குப் பின்னாடி ஒரு வரிசை ஆளுங்க. நடுவுல இராமச்சந்திரன். நான் நின்னுக்கிட்டு இருந்தேன். கீழ என் மயிலை என் குரல் கேட்டு ஒரு தரம் கத்துச்சு.

இராமச்சந்திரன் எழுந்து பேசினாரு.

"ஒரு காளைக்குத் திமில் என்பது ஒரு வாரியத்துக்குத் தலைவர் எப்படியோ அப்படி. அதனால் நேரடியாக ஒரு வேலையும் நடப்பதில்லை. ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு உயரமாக ஒன்று இருக்க வேண்டும். அந்த உயரம்தான் இங்கே காணாமற் போயிருக்கிறது."

"ஐயா, காணாமப் போவலீங்க. மொதல்லருந்தே இல்லீங்க," ன்னேன்.

அவரு சிரிச்சாரு. வரவேற்பு நாள்ல எடுத்த படத்தக் கொண்டாரச் சொன்னாரு. பெரிசா கழுவி வச்சிருந்தாங்க. அதுல துரை நிக்குது. அன்னிக்கு ஆளாளுக்குப் போட்ட மாலையெல்லாம் கழுத்துக்குப் பின்னாடி கும்பலாக் குவிஞ்சு கெடக்குது. சாமந்தி, அரளி, காயிதப் பூ எல்லாம் சேந்து ஒரு மேடு.

"இது என்ன?"

"மாலைங்க."

"மாலைக்கு அடியில்?"

மாலைக்கு அடியில இன்னா இருந்துச்சுன்னு படத்துல தெரியல, வாஸ்தவந்தான். தெரியலன்னா இருந்துச்சுன்னு அர்த்தமாம். ஒருத்தரு எழுதிக்கிட்டாரு. இன்னொருத்தரு நான் திமில சமைச்சுத் தின்னுட்டனோன்னு சந்தேகப்பட்டாரு. அதுக்குத் தழும்பு இருக்கணுமேன்னு தனகோட்டி என் பக்கம் பேசினாரு. அன்னிக்கு எனக்குக் கெடச்ச ஒரே ஆதரவு அதான்.

தீர்ப்பு வந்துச்சு. மேல்மலையனூரு அமாவாசைக்கு ஜனம் பஸ்ஸுல தொங்கிக்கிட்டுப் போற அன்னிக்கு, நான் தீர்ப்பத் தூக்கிக்கிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். துரைக்குத் திமிலு திரும்ப வளரணும். அதுவரைக்கும் என் மாடுங்க வாரியத்துக் காவல்ல இருக்கும்.

அதுக்கு ஒரு திட்டம் போட்டாங்க. காலையும் சாயங்காலமும் துரை தோள்மேல ஆமணக்கெண்ணெ தேய்க்கணும். நான் தேய்ச்சேன், கை ஓஞ்சா பாக்கியம் தேய்ச்சா. துரைக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. எண்ணெக் கிண்ணத்தப் பாத்தாலே வந்து ஒரசிக்கிட்டு நிக்கும். தனகோட்டி வந்து வந்து தடவிப் பாத்துட்டுப் போவாரு. ஒரு நாள் ஏதோ தட்டுப்படுதுன்னாரு. அது உண்ணி.

பக்கத்துக் கொல்லைக்காரரு ஆதிநாதன், நயினாரு வீட்டு மனுஷரு, சமணரு, பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டு முடிக்கணும்னு வேகமாப் போறவரு, வேலிகிட்ட ஒரு நிமிஷம் நின்னாரு. அவருகிட்ட ஏரு கேட்டேன்.

"தரக்கூடாதுன்னு இல்ல தோமினிக்கு. உன் கொல்லைக்குள்ள என் மாடு காலு வச்சா, அதோட திமிலையும் அளப்பாங்க. என் மாட்டுக்கும் கொஞ்சம் பெரிசாத்தான் இருக்குது," ன்னாரு.

அவரச் சொல்லியும் குத்தம் இல்ல. ஊருல எவனும் என் கொட்டாய் இருக்கற பக்கம் மாட்ட ஓட்டறதில்ல. சுத்திக்கிட்டுப் போனாங்க.

சரி, துரையவே ஏருல கட்டிப் பாக்கலாம்னு ஒரு நாள் தோணுச்சு. ஏரு இழுத்த சாதிதானே. நுகத்தடிய வச்சேன். திமிலு இல்லாத கழுத்துல அது நிக்குமா? வழுக்கிக்கிட்டு முன்னாடி வந்து கொம்புகிட்ட தொங்குச்சு. அவங்க ஊருல அதுக்கு வேற மாதிரி பூட்டுவாங்களோ என்னவோ, எனக்கு வழி தெரியல. துரை அப்படியே ஒக்காந்துக்கிச்சு. வாரியத்துல அத்தினி பேரு திமிலத் தேடினாங்களே, நெசமாவே அது வேணும்னு நெனச்சவன் நான் ஒருத்தன்தான்.

ஆடி பொறந்துச்சு. அந்த நேரம் பாத்து இங்கிலாந்துலருந்து ஒரு வெள்ளைக்காரப் பெரியவரு துரையப் பாக்க வராருன்னு தகவல் வந்துச்சு. அவரு அங்க இந்தச் சாதி மாட்டத்தான் வளக்கறாராம். வாரியமே கதி கலங்கிப் போச்சு. குடுத்த காளைய நாம பாழாக்கிட்டோம்னு நெனைப்பாரே, நாட்டு மானம் போயிடுமேன்னு இராமச்சந்திரன் கண்ணு கலங்கினாரு. அன்னிக்கே மெத்தை தைக்கறவரக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. இலவம்பஞ்ச அமுக்கி, ஆபீஸ் ஜன்னல்ல தொங்கின கருஞ்செவப்புத் திரைச்சீலையக் கிழிச்சு, ஒரு திமிலு தைச்சாங்க. என் மயிலையப் பாத்துத்தான் அளவெடுத்தாங்க. முதுகுக் கோட்டுக்குச் சுண்ணாம்பு தடவினாங்க. நெஞ்சுக்கு அடியில வார் போட்டுக் கட்டி, வாரு தெரியாம மாலை போட்டாங்க.

தனகோட்டி நாடாவ வச்சாரு. நாடா நின்னுச்சு. "அருமையான அளவு"ன்னு சொல்லி நெஞ்சுக்குப் போனாரு, நெஞ்சுலருந்து வாலுக்குப் போனாரு. அந்த மனுஷன் மொகத்துல அவ்வளவு நிம்மதிய நான் பாத்ததே இல்ல. திரைச்சீலையத் தைக்கும்போது பக்கத்துல நின்னு நூல் கோத்துக் குடுத்தவரே அவருதான்.

பெரியவரு வந்தாரு. தொப்பி, கைத்தடி. துரைகிட்ட போயி அதோட மோவாயச் சொறிஞ்சு குடுத்தாரு, துரையும் கழுத்த நீட்டிச்சு. அப்புறம் திமிலு மேல கைய வச்சாரு. கை உள்ள போச்சு. எடுத்தாரு, மறுபடி வச்சாரு, மறுபடி உள்ள போச்சு. என்னப் பாத்தாரு. நான் தரையப் பாத்தேன். அவரு தொப்பியக் கழட்டிட்டு, தோளு குலுங்கக் குலுங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு.

"நமது சாதனையைக் கண்டு விருந்தினர் ஆனந்தக் கண்ணீர் வடிக்கிறார்," ன்னு இராமச்சந்திரன் கூட்டத்துக்குச் சொன்னாரு.

பெரியவரு என் கையப் புடிச்சுக்கிட்டு ஏதோ கேட்டாரு. எனக்கு அந்த பாஷை தெரியாது. விட்டா வேற நேரம் கெடைக்காதுன்னு, "ஐயா, என் ஏர் மாட்டப் புடிச்சு வச்சிருக்காங்கன்னு அவருகிட்ட சொல்லுங்கய்யா,"ன்னு இராமச்சந்திரன் கிட்ட கெஞ்சினேன்.

"உனக்கு ஏதாவது குறை உண்டா என்றுதான் அவரும் கேட்கிறார். இல்லை என்று நான் சொல்லிவிட்டேன்," ன்னாரு அவரு.

மறுநாள் விடிஞ்சதும் ஆபீஸுக்கு ஓடினேன். திமிலுதான் வந்துட்டுதே, இப்ப என் மாட்ட விடுங்கன்னு கேட்டேன். இராமச்சந்திரன் நாற்காலியில சாஞ்சு ஒக்காந்தாரு.

"நன்றாக யோசித்துப் பார். உன் மாடு உன் வீட்டில் இருந்தபோது காளைக்குத் திமில் இல்லை. உன் மாடு எங்களிடம் வந்த பிறகு காளைக்குத் திமில் வந்துவிட்டது. அப்படியானால் திமில் வந்ததற்குக் காரணம் என்ன?"

"பஞ்சுங்க."

"வாரியத்தின் நடவடிக்கை. உன் மாட்டைத் திருப்பி அனுப்பினால் திமில் மறுபடியும் போய்விடும். வெளிநாட்டார் பார்த்துவிட்டுப் போன திமிலை இழக்க இந்த வாரியம் தயாராக இல்லை."

எனக்கு எங்கயாவது போயி முட்டிக்கலாம் போல இருந்துச்சு. மாடிக்குப் பின்னாடி போயி மயிலைய ஒரு தடவ தடவிக் குடுத்தேன். எளைச்சுப் போயிருந்துச்சு. காவக்காரன், பாத்தது போதும் கெளம்புன்னான்.

அந்த வாரமே மழை. மத்தியானம் மேக்கால இருண்டு வந்து, சாயங்காலம் வரைக்கும் கொட்டித் தீத்துச்சு. காலையில கொல்லைல காலு வச்சா கணுக்கால் வரைக்கும் எறங்குது. சுத்திலும் எல்லாக் கொல்லையிலயும் ஏரு ஓடுது, ஆளுங்க சத்தம் கேக்குது. எங்க கொல்ல மட்டும் சும்மா கெடக்குது. பாக்கியம் நகம் தேயத் தேய மல்லாட்டைய ஒடைச்சு வெதைப் பருப்பக் கூடையில வச்சிருந்தா. ஒடைச்ச பருப்பு நாள் பட்டா மொளைக்காது. காத்து வேற மேக்காலருந்து அடிக்க ஆரம்பிச்சுடுச்சு. அந்தக் காத்து ஈரத்த வச்சிருக்க விடாது.

அனந்தபுரத்துக்கு ஆள் அனுப்பி அவ தம்பி இருதயநாதன வரச் சொன்னா. அவன் கொத்து வேலைக்காரன், மாடு கன்னு கெடையாது, ஆனா ஒடம்புல தெம்பு உண்டு. வந்ததும், "இன்னா மாமா பண்ணணும்?"னு கேட்டான். நான் சொல்றதுக்குள்ள பாக்கியமே ஏரத் தூக்கிக்கிட்டுக் கொல்லைக்குள்ள போயிட்டா. நுகத்தடிக்கு ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் மச்சான். தோள்ல கோணியச் சுருட்டி வச்சுக்கிட்டோம். மேழிய அவ புடிச்சா. பொம்பள மேழி புடிக்கறதான்னு ரோட்டுல போன ரெண்டு பேரு நின்னு பேசினாங்க. "வாங்க, வந்து நீங்க புடிங்க," ன்னா அவ. போயிட்டாங்க.

மொத சாலு ஓட்டி முடிக்கறதுக்குள்ள மூச்சு முட்டிப் போச்சு. மாடு இத்தினி வருஷம் இதத்தான் இழுத்துச்சான்னு நெனச்சேன். வெக்கமா இருந்துச்சு, அழுகையும் வந்துச்சு. மச்சான் பாக்கக் கூடாதுன்னு வேத்து ஊத்தின மாதிரி மொகத்தத் தொடைச்சுக்கிட்டேன். ஆனா மண்ணு பொரண்டுச்சு. பின்னாடியே குனிஞ்சு பாக்கியம் ஒரு கையால பருப்பு போட்டுக்கிட்டே வந்தா.

பாதிக் கொல்ல ஆயிருக்கும், ஜீப்பு வந்து நின்னுச்சு. தனகோட்டி எறங்கி வரப்புக்கு வந்தாரு. எங்க மூணு பேரையும் பாத்தாரு. நுகத்தடியப் பாத்தாரு. நாடாவ எடுக்கல.

"தோமினிக்கு, துரை தனியா நிக்குது. எண்ணெ தேய்க்கற நேரம் ஆச்சு," ன்னாரு.

அதுக்குள்ள இராமச்சந்திரனும் வேட்டியத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு வந்து சேந்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. சரி, ஒரு மனுஷன் இதப் பாத்தா மனசு எறங்காதா, இப்பவாவது மாட்ட விட்டுடுவாருன்னு நான் நம்பினேன். நெசமா நம்பினேன். அவரு தொண்டையக் கனைச்சுக்கிட்டாரு.

"நான் இங்கே காண்பது என்ன? உழவு நடக்கிறது. விதைப்பும் நடக்கிறது. மாடு இல்லை. மாடு இல்லாமல் பிழைக்கவே முடியாது என்று இவர் இத்தனை நாளாக வாரியத்திடம் முறையிட்டு வந்தார். அது உண்மை அல்ல என்று இன்று இவரே நிரூபித்துவிட்டார். ஆகவே அந்த இரண்டு மாடுகளும் இனி வாரியத்திலேயே நிரந்தரமாக இருக்கலாம். இவருக்கு அதனால் ஒரு இழப்பும் இல்லை. தனகோட்டி, குறித்துக்கொள்ளுங்கள்."

இருதயநாதன் நுகத்தடிய எறக்கி வச்சுட்டு அவருகிட்ட போவப் பாத்தான். இவ்வளவு நாளும் ஐயா ஐயான்னு கெஞ்சின வாயி எனக்கே அசிங்கமா இருந்துச்சு.

பாக்கியம் மேழிய விடல. அவங்க நிக்கற பக்கம் திரும்பவும் இல்ல.

"டேய், தூக்குடா," ன்னா தம்பியப் பாத்து. அப்புறம் என்னப் பாத்து, "அவரு பேசட்டும்யா. அவரு பேசி முடிக்கற வரைக்கும் ஈரம் காத்துக்கிட்டு இருக்காது. நீ இழு," ன்னா.

வரப்புல அவரு இன்னும் பேசிக்கிட்டுத்தான் இருந்தாரு. நானும் மச்சானும் நுகத்தடியத் தோளுக்கு ஏத்திக்கிட்டு, குனிஞ்சு இழுத்தோம்.